உப்புக்கு ஏவிய வேலைகள்: கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு, செதில் உப்பு – எது தேறுகிறது?

உப்பு வாங்கும்போது அயோடின் போட்டதா, கட்டி பிடிக்காததா என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஆனால் மனிதர்கள் உப்புக்கு ஏவியிருக்கும் வேலை நாக்கோடு நிற்பதில்லை. உடன்படிக்கைக்குச் சாட்சி, தீட்டுக்குக் கழுவாய், விசுவாசத்துக்கு அடையாளம், கண்ணேறுக்கு மருந்து, பரம்பொருளுக்கு உவமை என்று எல்லாச் சுமையையும் இந்த ஒரு பொருளின் தலையில்தான் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வேலைகளில் எந்த உப்பு உழைக்கிறது, எது உப்புக்குச் சப்பாணியாக நிற்கிறது என்பதே இந்த மதிப்பீடு.

எடுத்துக்கொண்டவை நான்கு. கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுத்து, அரைக்காமல் விட்ட கல்லுப்பு. சுத்திகரித்து, அயோடின் சேர்த்து, கட்டி பிடிக்காமலிருக்க வேறொரு பொருளும் கலந்த தூளுப்பு. பாறையாக வெட்டியெடுக்கும் இந்துப்பு. கரைசலை மெல்லச் சூடாக்கும்போது மேலே பூக்கும் மெல்லிய தகடுகளை அள்ளிக் காயவைத்த செதில் உப்பு. உலர்ந்த எடையில் எல்லாமே நூற்றுக்கு 96க்குமேல் சோடியம் குளோரைடுதான். மீதி இருக்கிற சொற்ப அழுக்கும், படிகத்தின் வடிவமும்தான் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: குறியீடாக நிற்பதற்குக் கல்லுப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பை விடவே கூடாது. இந்துப்புக்கு இப்போது கிடைக்கும் புகழில் பாதி அதற்குரியது இல்லை.

உப்பு செய்த வேலைகளிலேயே உயர்ந்தது சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம் உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொல்கிறார். காலையில், போட்ட உப்பை எடுத்துக் கொடு என்கிறார். துழாவிப் பார்க்கிறான், அகப்படவில்லை. மேலே குடி, நடுவே குடி, அடியில் குடி என்கிறார். எங்கும் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருப்பதற்கு இதைவிடச் சுருக்கமான செய்முறை விளக்கம் கிடையாது.

இதைச் செய்து பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள். அரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, உயரமான கண்ணாடிக் குவளை. இரவு போட்டுவிட்டு, காலையில் அசைக்காமல் உறிஞ்சுகுழாயால் மேல்மட்டத்தை எடுத்துச் சுவைத்தால் ஏறக்குறையப் பச்சைத் தண்ணீர். அடியில் எடுத்தால் வாயில் வைக்க முடியாத கரிப்பு. காரணம் எளிது. உப்புக்கரைசல் தண்ணீரைவிடக் கனமானது. கல் கரையக் கரைய அந்தக் கனமான கரைசல் அடியிலேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து தானாகப் பரவி மேலேறுவது மிக மெதுவாக நடக்கும். ஓர் இரவில் ஓரிரு சென்டிமீட்டர் ஏறினாலே அதிகம். பத்துச் சென்டிமீட்டர் ஏற வாரக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் உபநிடதம் தப்பாகச் சொல்கிறதா? இல்லை. ‘துழாவிப் பார்த்தான்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உப்பைத் தேடிக் கையை விட்டு அளைந்தானே, அந்தக் கைதான் கலக்கியது. தேடுகிறவனின் கையே உப்பை எங்கும் நிறைக்கிறது! கலக்காமல் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கல்லுப்பை மெல்லிய துணியில் முடிந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்கியும் முங்காமலும் தொங்கவிட வேண்டும். கரைசல் நூல்நூலாகக் கீழே இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும். அப்படி இறங்கும்போதே அது வழியெல்லாம் கலந்துகொண்டு போகும்.

உப்பைத் துழாவினால் அகப்படக் கூடாது, நீரும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தேர்வு. அழுக்கில்லாத கல்லுப்பு தேறுகிறது. செதில் உப்பும் தேறுகிறது, ஆனால் அதன் அழகே அதன் வடிவம்தான். அதைப் போய் ஏன் கரைக்க வேண்டும்? தூளுப்பில் சிலிக்கான் டையாக்சைடோ கால்சியம் சிலிக்கேட்டோ கலந்திருந்தால் நீர் பால்கலந்ததுபோல மங்கும், ஏனென்றால் அவை கரைவதில்லை. உறையின் பின்பக்கம் 551, 552 என்ற எண்கள் இருந்தால் அவைதான். இளஞ்சிவப்பு இந்துப்பு அடியில் செம்மண் தூசிபோல ஒரு படிவை விட்டுவைக்கும். அதைக் கொண்டு செய்திருந்தால் சுவேதகேது எதையாவது தடவி எடுத்து வந்து நீட்டியிருப்பான், பாடம் கெட்டிருக்கும்.

இந்துப்புக்கு இன்னோர் இடம் இருக்கிறது. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்கு உவமை சொல்ல எடுப்பது சைந்தவக் கட்டி, அதாவது சிந்துப் பக்கத்து உப்பு. நம் ‘இந்துப்பு’ என்ற பெயரும் அந்தச் சிந்துவிலிருந்து வந்ததே. உள் என்றும் புறம் என்றும் இல்லாமல் முழுக்கச் சுவையாகவே இருக்கிற கட்டி என்கிறார். இதற்குக் கட்டி இந்துப்புதான் சரியான பொருள். உடைத்த முகத்தில் எங்கே நாக்கை வைத்தாலும் ஒரே கரிப்பு. கல்லுப்பின் பருமனான படிகங்களில் இந்த ஒருமை கிடைப்பதில்லை. இடுக்குகளில் கடல்நீரின் மிச்சம் சிக்கியிருக்கும், அதிலுள்ள மக்னீசியம் லேசாகக் கசக்கும்.

விவிலியத்தில் உப்பு பார்க்கும் வேலை வேறு. அங்கே அது கரைவதால் மதிக்கப்படவில்லை, கெடாமல் காப்பதால் மதிக்கப்படுகிறது. காணிக்கை எதுவும் உப்பில்லாமல் வரக் கூடாது என்கிறது லேவியராகமம் 2:13. எண்ணாகமம் 18:19இன் மூலத்தில் மாறாத உடன்படிக்கைக்கு ‘உப்பு உடன்படிக்கை’ என்றே பெயர். இந்த மரியாதைக்கு அடியில் இருப்பது பட்டறிவு. உப்பு பொருளிலுள்ள நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, கெடுக்கும் கிருமிக்கு நீர் கிடைப்பதில்லை. உப்பு இருக்கும்வரை சொன்ன சொல்லும் கெடாது என்று நினைக்க அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்த மரபில் இன்றும் நடக்கிற ஒரு வேலையில் உப்பின் பருமன் எவ்வளவு முக்கியம் என்று தெளிவாகத் தெரியும். யூத முறைப்படி இறைச்சியிலிருந்து இரத்தம் நீக்க, முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு வடித்து, எல்லாப் பக்கமும் உப்புத் தூவி, நீர் வழிந்தோடும்படி சாய்வாகவோ துளையிட்ட பலகையிலோ ஒரு மணி நேரம் வைப்பார்கள். கடைசியில் மூன்று முறை கழுவுவார்கள். தூளுப்பைப் போட்டால் அது ஈரத்தில் உடனே கரைந்து உள்ளே போய்விடும், மேலே நின்று நீரை இழுக்க எதுவும் மிஞ்சாது. பெரிய கல்லுப்பைப் போட்டால் ஒட்டாமல் உருண்டு விழும். பருமணல் அளவில் இருப்பதுதான் நிற்கும். கல்லுப்பை உரலில் இரண்டு இடி இடித்து, மிக நைசானதைச் சலித்துத் தள்ளினால் அந்த அளவு கிடைக்கும்.

காய்களை உப்பில் புளிக்கவைக்கும்போதும் கணக்கு உண்டு, அதைக் கரண்டியில் அளந்தால் கெடும். ஒரு கிலோ காய்க்கு 20 முதல் 25 கிராம். அதற்குக் குறைந்தால் காய் கொழகொழத்து நாறும். மிகக் கூடினால் புளிக்க உதவும் நுண்ணுயிரே மந்தமாகிவிடும். ஒரு தேக்கரண்டித் தூளுப்பு சுமார் 6 கிராம். அதே கரண்டியில் செதில் உப்பு ஏறக்குறைய 3 கிராம்தான் நிற்கும். செதிலுக்கு எழுதிய எட்டுக் கரண்டியைத் தூளுப்பில் போட்டால் 48 கிராம். ‘ஒரு கல் தூக்கல்’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாத தூக்கல் அது. தராசு வைத்துக்கொள்வது நல்லது. தூளுப்பிலுள்ள அயோடின் புளிப்பதைக் கெடுக்கும் என்ற பயம் பெரும்பாலும் வீண். கண்ணை உறுத்துவது கரையாத கலவைப்பொருள் நீரைக் கலங்கலாக்குவதுதான்.

மத்தேயு 5:13இல் வரும் கேள்வியைப் பார்த்து வேதியியல் படித்தவர்கள் சிரிப்பதுண்டு. உப்பு சாரமற்றுப்போனால் எதனால் சாரமாக்கப்படும்? சோடியம் குளோரைடு எப்படிச் சாரமற்றுப்போகும் என்பது அவர்கள் வாதம். சுத்தமான உப்புக்கு அது சரிதான். சுத்தமில்லாத உப்பின் கதை வேறு. அதோடு ஜிப்சம் கலந்திருந்தால், 100 மில்லி தண்ணீரில் உப்பு 36 கிராம் வரை கரையும், ஜிப்சம் கால் கிராம்கூடக் கரையாது. ஈரத்தில் நனைந்து நனைந்து உப்பு வழிந்துபோனபின் பாத்திரத்தில் மிஞ்சுவது பார்க்க உப்புப் போலவே இருக்கும் வெள்ளைத் தூள். வாயில் போட்டால் உப்புமில்லை, சப்புமில்லை. பழைய உப்பு ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கிக் கால் மணி நேரம் தெளியவிட்டால் போதும். அடியில் தங்குவதன் அளவைப் பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

இனிச் சுத்திக்கு வருவோம். ஜப்பானிய ஷிண்டோ மரபில் வாசலருகே சிறு தட்டில் உப்பைக் கூம்பாகக் குவித்து வைப்பார்கள், இறுதிச்சடங்கிலிருந்து திரும்பியவர் மேல் தூவிக்கொள்வார், சுமோ மல்லர் களத்தில் இறங்குமுன் கை நிறைய அள்ளி வீசுவார். கத்தோலிக்கரிடம் நீரை மந்திரிக்கும்போது உப்பிடும் வழக்கம் உண்டு. வீசவும் மந்திரிக்கவும் எந்த உப்பானாலும் போதும். கூம்பு பிடிப்பதுதான் உப்பைச் சோதிக்கும். தூளுப்பு சரிந்து விழும், ஏனென்றால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத்தானே அதில் மருந்து கலந்திருக்கிறது. பெரிய கல்லுப்பிலும் பிடி நிற்காது. மருந்து கலக்காத உப்பை மணல் பருமனுக்கு இடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் அழுத்தினால் கைரேகை பதிகிற ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தடித்த காகிதத்தில் கூம்பு சுருட்டி, இரண்டு மூன்று தவணையாக அழுத்தி நிரப்பி, தட்டில் கவிழ்த்துத் தட்டினால் நிற்கும். ஈரம் மிஞ்சினால் அடி அகன்று உட்காரும், குறைந்தால் முனை உதிரும். நாலைந்து நாளில் கூம்பு நனைந்து குலைந்தால் தீயதை உறிஞ்சிவிட்டது என்பார்கள். அது உறிஞ்சியது காற்றின் ஈரத்தை. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விடத் தொடங்கும்.

கண்ணேறுக்காக நெருப்பில் போடுகிற உப்பு படபடவென்று வெடிக்க வேண்டும், வெடித்தால்தான் திருப்தி. அந்த ஓசைக்குக் காரணம் படிகத்துக்குள் சிக்கிய துளி நீர். சூட்டில் அது ஆவியாகி, வழியில்லாமல் கல்லைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. பருமனான கல்லுப்புக்கு இதில் போட்டியே இல்லை. தூளுப்பில் அப்படிச் சிக்கிய நீர் இல்லை, ஊமையாகக் கிடக்கும். துண்டுகள் சூடாகத் தெறிக்கும் என்பதால் முகத்தைத் தள்ளிவைத்தே போட வேண்டும். வாணலியில் கல்லுப்பை வறுக்கும்போதும் இதே கதைதான். மேலே ஒரு தட்டு போட்டு மூடிவிட வேண்டும்.

உப்பு அடியோடு தோற்கும் வேலை ஒன்று உண்டு, அது சாபம். நியாயாதிபதிகள் 9:45இல் அபிமெலேக்கு சீகேம் நகரை இடித்து உப்பு விதைக்கிறான். கிமு 146இல் ரோமர்கள் கார்த்தேஜை அழித்தபோதும் அப்படிச் செய்ததாகப் பலரும் எழுதிவிட்டார்கள், ஆனால் பழைய ஆசிரியர் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கணக்கும் இடம் கொடுக்காது. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 20 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 2,500 டன். அதில் 0.3 விழுக்காடு உப்பேற்றவே 7.5 டன் வேண்டும், அதையும் நல்ல மழை அடித்துக் கீழே இறக்கிவிடும். எதிரியின் ஊரில் கொட்ட இவ்வளவு உப்பு வைத்திருப்பவன் அதை விற்றிருப்பான். ஒரு கைப்பிடி விதைத்து ‘இனி இங்கே எதுவும் முளைக்காது’ என்று சொல்வதோடு சாபம் முடிந்துவிட்டது.

இந்துப்பு விளக்கையும் அதே வரிசையில் வைக்கலாம். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். பல்பு எரியாத நாளில் ஈரக்காற்றில் அழுது வழிந்து, மேசையில் வெள்ளைக் கறையும் மின்இணைப்பில் துருவும் மிச்சம். ‘இமயமலை உப்பு’ என்ற பெயரும் சற்று நீட்டல். அதில் பெரும்பகுதி வருவது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், உப்புமலைத் தொடரிலுள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து. சிவப்பு என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. அந்த இரும்பால் உடம்புக்குப் பயன் வர வேண்டுமானால் சாப்பிட வேண்டிய உப்பின் அளவு முதலில் இரத்த அழுத்தத்தைத்தான் கவனிக்கும்.

இலக்கியத்தில் உப்பை அளவுக்காக எடுத்தாண்டவர்களில் வள்ளுவரை மிஞ்ச முடியாது. ‘உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்’ என்று ஊடலையே உப்பில் நிறுத்துப் போடுகிறார் (1302). உப்பு அமைவது என்றால் அது தனியாகத் தெரியாமல் மற்றதைத் தெரியவைப்பது. அழகுக்கு ‘லாவண்யம்’ என்ற பெயர் வந்ததும் லவணம் என்ற உப்பிலிருந்துதான். அப்பாவை உப்பைப்போல நேசிக்கிறேன் என்று சொல்லி விரட்டப்பட்ட மகளின் கதை பல நாடுகளில் உலவுகிறது. உப்பில்லாத விருந்து பரிமாறிய பிறகுதான் அந்த அப்பாவுக்கு விளங்குகிறது. எத்தனை மொழியில் சொன்னாலும் அந்தக் கதை பிசகுவதில்லை, ஏனென்றால் உப்புக்கு மாற்று கிடையாது.

அளவுக்கு இன்றைய கணக்கு: பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அயோடின் 150 மைக்ரோகிராம் வேண்டும். கடல் உப்பில் இயற்கையாகவே அது இருக்கும் என்று நம்புவது தவறு, உப்பாகக் காயும்போது மிஞ்சுவது மிகச் சொற்பம். இந்துப்பும் அப்படியே. ஆகவே அடுப்படிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஊறவும் சடங்குக்கும் சேர்க்காத கல்லுப்பு என்று இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்வதே சரி. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. ஈரமும் நெடுநேரக் கொதியும் அயோடினைக் குறைக்கும் என்பதால் மூடிவைத்து, சமையலின் கடைசியில் போடலாம்.

எதில் வைப்பது? இத்தாலியப் பொற்கொல்லரும் சிற்பியுமான செல்லினி பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவாவுக்காக 1543இல் முடித்துக் கொடுத்த உப்புப்பேழை தங்கத்தில் செய்தது. ஒருபக்கம் கடல்தேவன், அவன் அருகில் உப்பு வைக்க ஒரு கப்பல். ஆடம்பரம் ஒருபுறமிருக்க, பொருள்தேர்வு சரியானது, தங்கத்தை உப்பு தொடாது. வெள்ளியைக் கறுக்கவைத்து அரிக்கும், அதனால்தான் வெள்ளி உப்புக்கிண்ணங்களுக்குள் கண்ணாடி உறை போட்டார்கள். துருப்பிடிக்காத எஃகும் தப்புவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டுவிட்டுக் கலக்காமல் விட்டால் கல் உட்கார்ந்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் விழும். தண்ணீர் கொதித்தபின் போட்டுக் கலக்கிவிட வேண்டும்.

பீங்கான் ஜாடியும் மரக்கரண்டியும் போதும். கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கோப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மக்னீசியம் குளோரைடு. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீர்விடும். புதிதாக வாங்கிய கல்லுப்பை, துளையிட்ட தட்டில் கொட்டி இரண்டு மூன்று நாள் வடியவிட்டால் அந்தக் கசப்பு நீர் இறங்கிவிடும். பிறகு 110 டிகிரி சூட்டில் இருபது நிமிடம் உலர்த்தி, ஆறியதும் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து மறுபடி நனையும். ஆற்றங்கரையில் நின்ற உப்பு வண்டி பெருமழையில் ஒன்றுமில்லாமல் போனதைக் குறுந்தொகை ஒரு மனம் கரைவதற்கு உவமை சொல்கிறது. மூடி சரியில்லாத ஜாடியில் அதே வேலை சத்தமில்லாமல் நடக்கும். மாதம் ஒருமுறை ஜாடியைச் சாய்த்துப் பார்த்து, அடியில் நீர் ஓடினால் வடித்துவிட்டு மறுபடி உலர்த்தினால் போதும்.